வாளும் உலைக்களமும்

வாளைப் பாடிய புலவர் பலர்; வாளேந்திய வீரரைப் பாடிய புலவர் அவரினும் பலர். அவ்வாளை வடித்துக் கொடுத்த கொல்லரை நினைந்து பாடியவரோ மிகச் சிலர். போரில் வென்றவன் பெயர் கல்லிற் பொறிக்கப்பட்டது. வீழ்ந்தவனுக்கும் ஊரெல்லையில் நடுகல் எழுந்தது. செங்கம் பகுதியில் நிற்கும் நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்திய மறவரின் உருவங்களை இன்றும் காணலாம். ஆயினும் அவ்வாளுக்குரிய இரும்பை உருக்கிய கை யாருடையது, அதற்குக் கூர்மை ஏற்றிய அறிவு எத்தகையது என்று கேட்பார் அரியர்.

சங்கச் சான்றோர் இவ்வகையில் வேறுபட்டவர். தாய்க்கும் தந்தைக்கும் வேந்தனுக்கும் காளைக்கும் உரிய கடமைகளை வரிசைப்படுத்திய பொன்முடியார், அவ்வரிசையிற் கொல்லனுக்கும் ஓர் இடம் தந்தார். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாரும் கொல்லனை மறந்தாரல்லர். தொண்டைமான் தன் படைக்கலச் சாலையைப் பெருமையுடன் காட்டினான். அங்கே படைக்கலங்கள் மயிற்பீலி சூட்டப்பெற்று, மாலை அணிந்து, நெய் பூசப்பெற்று அழகாக விளங்கின. அதியமானின் படைக்கலங்களோ நுனி முறிந்து கொல்லனின் சிறிய பட்டறையிற் கிடக்கின்றன என்றார் ஔவையார். புகழ்வது போலப் பழித்தும், பழிப்பது போலப் புகழ்ந்தும் அவர் கூறிய அவ்விடை புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. ஓயாது போர்செய்யும் மன்னனின் பெருமைக்குச் சான்று அரண்மனையில் இல்லை, கொல்லனின் உலைக்களத்தில் இருக்கிறது என்பது அவ்விடையின் உட்பொருள். வாளின் வரலாற்றை அறிய விரும்புவோரும் அந்த உலைக்களத்துக்கே செல்லுதல் வேண்டும்.

அரியலூரை அடுத்த ரெட்டிபாளையம் என்னும் ஊரின் பெயரிலேயே படையின் பழைய நினைவொன்று தங்கியுள்ளது. பாளையம் என்பது படை தங்கும் இடத்தைக் குறிக்கும் சொல். பின்னாளில் அது பாளையக்காரர் ஆண்ட நிலப்பகுதியையும், அதன்பின் சிற்றூரையும் குறிக்கலாயிற்று. அரியலூரும் உடையார்பாளையமும் பாளையக்காரர் இருந்து ஆண்ட ஊர்கள். இவ்வூர்களுக்குக் கிழக்கே முதலாம் இராசேந்திர சோழன் தலைநகராக அமைத்த கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து கடாரம் வரை சென்ற பெரும்படையை ஏவிய வேந்தன் அவன். இவ்வாறு படையின் நினைவு நாற்புறமும் சூழ்ந்த அம்மண்ணில் இன்று வாளேந்துவார் எவரும் இலர். நிலத்தடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுத்து, சூளையிலிட்டுச் சுட்டு, சிமெண்டு ஆக்கும் ஆலைகளே அங்கு ஓங்கி நிற்கின்றன.

அந்தச் சூளையின் வெப்பம் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசு. வெப்பத்தை அளப்பதற்கு அங்கே நுண்ணிய கருவிகள் உண்டு. அளவு கூடினாற் குறைக்கவும் குறைந்தாற் கூட்டவும் பொறிகள் உண்டு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இக்கருவிகளில் ஒன்றும் இல்லை. தோலால் ஆன துருத்தி, மரத்தைச் சுட்டெடுத்த கரி, மண்ணாற் செய்த சிறு கலம், தீயின் நிறத்தைக் கண்டு வெப்பத்தை உணரும் கண் ஆகிய இவ்வளவே கொண்டு, அவ்வெப்பத்தை நெருங்கிய வெப்பத்தில் தமிழ்நாட்டுக் கொல்லர் இரும்பை உருக்கினர். அவர்கள் ஆக்கிய பொருளுக்கு உருக்கு என்று பெயர். உருகுதல் என்னும் வினையடியாகப் பிறந்த அப்பெயரே அது செய்யப்பட்ட முறையையும் எடுத்துரைக்கிறது.

தமிழகத்தில் இரும்பின் தொன்மை வியக்கத்தக்கது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் இரீ என்னும் அறிஞர் 1899-ஆம் ஆண்டு முதல் 1905-ஆம் ஆண்டு வரை அகழ்ந்தபோது, ஈமத்தாழிகளுடன் இரும்பு வாள்களும் ஈட்டிகளும் குறுவாள்களும் கிடைத்தன. சேலம் மாவட்டத்து மேட்டூருக்கு அருகிலுள்ள தெலுங்கனூரில் கிடைத்த வாளொன்றை ஆய்ந்த அறிஞர், அது கரிச்சத்து மிக்க உருக்கினால் ஆனது என்று கண்டனர். தமிழ்நாட்டில் கிடைத்த இரும்பின் காலத்தைப் பற்றி மாநில அரசின் தொல்லியல் துறை 2025-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஓர் அறிக்கை வெளியிட்டது. கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்றும், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையிற் பெற்ற காலக்கணிப்புகள் கி.மு. 3345 வரை செல்கின்றன என்றும் அவ்வறிக்கை கூறுகிறது.

இரும்பு கிடைத்த இடங்கள் பல. அதனை உருக்காக்கிய உலைகளே கிடைத்த இடங்கள் சில. அவற்றுள் தலைசிறந்தது ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றின் கரையில் அமைந்த கொடுமணல். 1985-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழாய்வு நடத்தினர். இரும்பைப் பிரித்தெடுத்த உலைகளும், மூசையிலிட்டு உருக்கு ஆக்கிய உலைகளும், மணிகள் செய்த பட்டறைகளும், தமிழி எழுத்துகள் பொறித்த பானையோடுகளும் அங்கே வெளிப்பட்டன. சேரநாட்டு மேலைக்கடற்கரையையும் கருவூரையும் இணைத்த வணிகப் பெருவழியில் இருந்த ஊர் அது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரிலும் உருக்கு ஆக்கிய மூசைகளின் உடைசல்கள் குவிந்து கிடந்தமையைச் சாரதா சீனிவாசன் என்னும் ஆய்வாளர் கண்டு உலகுக்கு அறிவித்தார்.

உருக்கு ஆக்கும் முறையின் அருமையை அறிய வேண்டுமாயின், இரும்பின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். தூய இரும்பு உருகுதற்கு 1,538 பாகை வெப்பம் தேவை. மரக்கரி உலையில் அவ்வளவு வெப்பம் எளிதில் எழாது. ஆதலின் இரும்புத் தாதுவைக் கரியுடன் இட்டு ஊதும்போது இரும்பு நீராக உருகி ஓடுவதில்லை; கசடு கலந்த கட்டியாகவே உலையில் தங்குகிறது. அதனைக் காய்ச்சி மீண்டும் மீண்டும் அடித்துக் கசட்டை நீக்கினால் மென்மையான இரும்பு கிடைக்கும். கதவுக்குக் கீலும் வண்டிக்குப் பட்டையும் செய்வதற்கு அது போதும். வாளுக்கு அது போதாது. ஓங்கி வெட்டினால் வளையும். கூர்மை விரைவில் மழுங்கும்.

இரும்புக்கு வன்மை தருவது கார்பன் எனப்படும் கரிச்சத்து. அது மிகக் குறைந்தால் இரும்பு மென்மையாகிறது. நூற்றில் இரண்டு பங்கினும் மிகுந்தால் அடிதாங்காது நொறுங்கும் வார்ப்பிரும்பு ஆகிறது. நூற்றில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் அஃது அமையுமாயின் வன்மையும் கூர்மையும் பெற்ற உருக்கு பிறக்கிறது. இந்த அளவை எடைக்கல்லால் நிறுத்து அமைக்க இயலாது. உலைக்குள்ளே, மூடிய கலத்துக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் அது நிகழ வேண்டும்.

அதற்குத் தமிழகக் கொல்லர் கண்ட வழி எளிமையும் நுட்பமும் ஒருங்கே உடையது. களிமண்ணோடு கரிந்த உமியைப் பிசைந்து மூசை எனப்படும் சிறு கலத்தைச் செய்தனர். உமி கலந்த மண் கடுந்தீயிலும் எளிதில் வெடிக்காது. அம்மூசைக்குள் இரும்புத் துண்டுகளை இட்டனர். அவற்றோடு ஆவாரையின் உலர்ந்த கட்டையைச் சிறு துண்டுகளாக்கி வைத்தனர். எருக்கு முதலியவற்றின் பச்சிலையால் மூடி, மண்ணால் வாயை அடைத்தனர். காய்ந்த மூசைகள் இருபதுக்கு மேற்பட்டவற்றை உலையில் அடுக்கி, மேலே கரியைக் குவித்துத் தீமூட்டினர். துருத்தியால் சில மணிநேரம் இடையறாது ஊதினர். உள்ளே அடைபட்ட கட்டையும் இலையும் கரிந்து, அவற்றின் கரிச்சத்து இரும்பிற் புகுந்தது. கரிச்சத்துப் புகப்புக இரும்பு உருகும் வெப்பநிலையும் இறங்கியது. முன்னர் உருகாதிருந்த இரும்பு இப்போது மூசைக்குள் நீராயிற்று. சேலம் மாவட்டத்தில் நிகழ்ந்த இம்முறையை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கண்ட ஆங்கிலேயர் எழுதி வைத்துள்ளனர்.

ஊதுதல் முடிந்ததும் மூசையை உடைத்துவிடலாகாது. அது மெல்ல மெல்ல ஆறுதல் வேண்டும். ஆறிய பின்னர் உடைத்தால் கையிலடங்கும் உருக்குக் கட்டியொன்று கிடைக்கும். அதன் மேற்புறம் வழவழப்பாக இருந்தால் இரும்பு முற்றும் உருகியது என்று கொள்வர். மூசையை அசைத்து, உள்ளே நீர் அலைவதை உணர்ந்து பதம் அறிவதும் உண்டு. அசைக்கும் கைக்கு அறிவு எங்கிருந்து வந்தது? தந்தை அசைத்தபோது உடனிருந்து தொட்டறிந்த மைந்தனுக்கு அது வந்தது. ஏட்டில் எழுதப்படாத கல்வி அது.

கட்டி கிடைத்ததோடு வாள் வந்துவிடவில்லை. உருக்கை வாளாக நீட்டுவது அதனினும் அரிய செயல். மென்மையான இரும்பை வெண்ணிறமாகக் காய்ச்சி அடிக்கலாம். உருக்கை அவ்வாறு காய்ச்சினால் சம்மட்டியின் முதலடியிலேயே அது பொடிந்துவிடும். காய்ச்சல் குறைந்தாலும் வெடிக்கும். செந்நிறத்தின் குறித்த ஒரு சாயலில், அச்சாயல் மாறுவதற்குள், சில அடிகள் அடித்து மீண்டும் உலையில் வைத்தல் வேண்டும். இவ்வாறு பன்முறை காய்ச்சியும் அடித்தும் அலகை நீட்டுவர். குறடு பிடிப்பவர் ஒருவர், சம்மட்டி ஓங்குபவர் ஒருவர், துருத்தி ஊதுபவர் ஒருவர் என மூவரும் ஒரே மூச்சாக இயங்குதல் வேண்டும். ஒருவர் சோர்ந்தால் மூவர் உழைப்பும் பாழாகும்.

அதன்பின் தோய்ச்சல் நிகழும். காய்ந்த அலகை நீர் முதலியவற்றில் தோய்த்து, வாய்க்கு வேண்டும் வன்மையை ஏற்றுவது அது. வன்மை மிகுந்தால் வாள் முறியும், குறைந்தால் மழுங்கும். இவ்வளவும் கடந்து, தீட்டி, மெருகேற்றி, புளிப்புள்ள நீர்மத்தால் துடைத்தால், சிறந்த உருக்கு வாளின் மேனியில் ஓடும் நீரின் அலையையொத்த வரிகள் தோன்றும். அவை யாரும் வரைந்த ஓவியமல்ல. மூசைக்குள் மெல்ல ஆறியபோதும், அளவறிந்து அடித்தபோதும் உருக்கின் உள்ளே அமைந்த ஒழுங்கே வெளியில் வரியாகத் தோன்றுகிறது.

இவ்வுருக்கின் புகழ் கடல் கடந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த பெரிப்புளூசு என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், இந்திய இரும்பும் எஃகும் செங்கடற் பக்கத்துத் துறைமுகங்களுக்குச் சென்றதைக் குறிக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல் இதிரீசி என்னும் அராபிய நிலநூலார் இந்திய உருக்கின் கூர்மையைப் பாராட்டினார். பாரசீக நாட்டிலும் அராபிய நாடுகளிலும் இவ்வுருக்குக் கட்டிகளைக் கொண்டு வாள்கள் வடித்தனர். அவற்றைக் கண்ட ஐரோப்பியர் தமாசுகசு வாள் என்றனர். தமிழகமே அன்றித் தெலுங்கானத்துக் கொனசமுத்திரம், கன்னட நாடு, இலங்கை ஆகிய இடங்களிலும் உருக்குத் தொழில் ஓங்கியிருந்தது. இலங்கையின் சமனலவெவப் பகுதியில் மலைச்சரிவில் வீசும் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு பிரித்த உலைகளை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர்.

வாள் வடித்தலில் உயர்ந்தவர் ஒரு நாட்டவர் மட்டும் அல்லர். கீழ்க்கடலுக்கு அப்பால், பிலிப்பைன் தீவுகளின் தெற்கேயுள்ள மிண்டனாவோவிலும் சூலுத் தீவுகளிலும் வாழும் மோரோ மக்கள் இக்கலையிற் பெயர் பெற்றவர். அவர்களுடைய வாள்களுள் மூன்று சிறந்தன. கிரிசு என்பது இருபுறமும் கூருடையது. நேராகவோ பாம்பு ஊர்வது போல நெளிந்தோ அமைந்திருக்கும். கம்பிலான் என்பது நீண்டு, நுனியை நோக்கி அகன்று செல்லும் ஒருபுறக் கூருடைய வாள். அதன் கைப்பிடி வாய் பிளந்த விலங்கின் தலைபோலச் செதுக்கப்படும். பாரோங்கு என்பது இலை வடிவினதாகிய தடித்த குறுவாள். அந்நாட்டுக் கொல்லரைப் பண்டாய் என்பர். தமிழகக் கொல்லர் இரும்பை மூசையில் உருக்கினர். மோரோ கொல்லரோ மென்மையும் வன்மையும் உடைய இரும்புத் தகடுகளை அடுக்கி, காய்ச்சி, அடித்து ஒன்றாக்கினர். வழி வேறு, வளையாமலும் முறியாமலும் இருக்கும் அலகைப் பெறுதல் என்னும் நோக்கம் ஒன்றே.

மோரோ மக்கள் 16-ஆம் நூற்றாண்டு முதல் 1898-ஆம் ஆண்டு வரை இசுப்பானியருக்கும், அதன்பின் அமெரிக்கருக்கும் எளிதில் அடங்காது எதிர்த்து நின்றவர்கள். துப்பாக்கி வந்த பின்னர் அவர்களுடைய வாளும் போர்க்களத்தை இழந்தது. ஆயினும் அவர்கள் வாளை மறந்தாரல்லர். குடிவழிச் செல்வமாகவும் விழாக்கோலமாகவும் அதனைப் போற்றி வருகின்றனர். அதன் உறவினதாகிய மலாய்க் கிரிசு இன்றும் மலேசியாவில் மணமகன் இடையில் விளங்குகிறது. இந்தோனேசியாவின் கிரிசுக் கலையை ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 2005-ஆம் ஆண்டு மாந்தர் குலத்தின் அரும்பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. போர் மறைந்த பின்னரும் கலை வாழலாம் என்பதற்கு அத்தீவுகள் சான்றாகின்றன.

தமிழகத்தில் நேர்ந்ததோ வேறு. இங்கு உருக்கின் புகழ் ஐரோப்பிய அறிஞர் கூடங்களை எட்டிய அதே காலத்தில், அதனை ஆக்கிய உலைகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. 1790-களில் பம்பாயிலிருந்து இந்திய உருக்குக் கட்டிகள் இலண்டன் அரசவைக் கழகத்துக்கு அனுப்பப்பட்டன. உக்கு என்னும் கன்னடச் சொல் அங்கே ஊட்சு என்று திரிந்து வழங்கியது என்பர். சார்சு பியர்சன் 1795-ஆம் ஆண்டு அதனைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பின்னர் மின்னியலிற் பெரும்புகழ் பெற்ற மைக்கேல் பாரடே, 1819-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள், சேம்சு சுடோடார்ட்டு என்பவருடன் சேர்ந்து அவ்வுருக்கின் மறையை அறிய முயன்றார். அவர் ஒரு கொல்லரின் மைந்தர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. பிரான்சு நாட்டு அறிஞர் பிரெயான் என்பவரும் பல சோதனைகள் செய்து, வரிகளுக்குக் காரணம் மிகுந்த கரிச்சத்தே என்று 1820-களில் கூறினார். அறிஞர் பலர் ஆண்டுக்கணக்கில் ஆய்ந்த பொருளைச் சேலத்துச் சிற்றூர்க் கொல்லர் நாள்தோறும் செய்துகொண்டிருந்தனர்.

அத்தொழில் அழிந்தமைக்குக் காரணங்கள் பல. பாளையக்காரரின் எழுச்சி ஒடுக்கப்பட்டபின், 1801-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் சென்னை அரசு ஓர் அறிக்கை விடுத்தது. கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், படைக்கலங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது அதன் ஆணை. வாள் வேண்டுவார் இல்லாதொழியவே, வாள் வடிப்பவர்க்கு வேலை இல்லாதாயிற்று. 1878-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் எஞ்சியதையும் இறுக்கியது. இங்கிலாந்தின் ஆலைகளிற் செய்த இரும்பு கப்பலில் வந்து மலிவாக இறங்கியது. காடுகள் அரசின் காவலுக்குள் சென்றன. 1882-ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டத்துக்குப் பின் கரி சுடுதல் அரிதாயிற்று. கரியின்றி உலை ஏது? இவற்றுக்கிடையே 1876-ஆம் ஆண்டு தொடங்கிய பெரும்பஞ்சம் சேலம் முதலிய மாவட்டங்களின் குடிகளைச் சிதறடித்தது.

ஆலை அமைத்து அத்தொழிலைப் பெருக்க முயன்றவரும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் அலுவல் பார்த்த சோசையா மார்சல் ஈத்து என்பவர், 1830-ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலம் பகுதியின் தாதுவும் காட்டுக் கரியும் அதற்கு உணவாயின. இலாபம் காணாது தடுமாறிய அவ்வாலை அந்நூற்றாண்டிலேயே மூடப்பட்டது. ஆலையும் நிலைக்கவில்லை, ஊருலைகளும் நிலைக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மூசை உருக்குத் தொழில் தமிழகத்திற் பெரும்பாலும் மறைந்தது.

வடித்த வாள்களுக்கு நேர்ந்த கதியும் வருந்தத்தக்கது. தஞ்சை மராத்திய மன்னருள் இறுதியானவராகிய இரண்டாம் சிவாசி 1855-ஆம் ஆண்டு மறைந்தார். ஆண் வழி இல்லையென்று கம்பெனி அவ்வரசை எடுத்துக்கொண்டது. அரண்மனைப் படைக்கலச் சாலையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த வாள்களும் கட்டாரிகளும் பிறவும் பின்னர் வெளியே கொணரப்பட்டன. சிறந்தவை எனத் தெரிந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. எஞ்சியவற்றுட் பல உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயின. மூவர் ஒரே மூச்சாக நின்று அடித்த அலகு, நிறையளவில் விற்கப்படும் துண்டாயிற்று. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்று காணப்பெறும் தஞ்சைப் படைக்கலங்கள் அவ்வழிவிலிருந்து தப்பியவை.

கொலைக்குரிய கருவி மறைந்ததற்கு வருந்துவது முறையோ என்று சிலர் வினவலாம். அவ்வினா அறத்தின்பாற்பட்டதே. வாளால் விளைந்த துயரம் சிறிதன்று. கணவனையும் மைந்தனையும் களத்தில் இழந்த மகளிரின் கண்ணீரைத் தமிழ்ப் பாட்டுகளே பதிந்து வைத்துள்ளன. வாளின் கொடுமை மறைந்தமைக்கு மகிழ்தல் வேண்டும். ஆனால், வாளோடு மறைந்தது கொடுமை மட்டுமன்று. மண்ணின் தன்மை, மரத்தின் தன்மை, தீயின் நிறம், இரும்பின் இயல்பு ஆகிய நான்கையும் ஒருங்கறிந்த அறிவொன்றும் அதனோடு மறைந்தது. அவ்வறிவு வாளுக்கு மட்டும் உரியதன்று. அரிவாளும் கோடரியும் உளியும் சிற்பியின் கருவியும் அதனாலேயே கூர்மை பெற்றன. கங்கைகொண்ட சோழபுரத்துக் கருங்கல்லில் நுண்ணிய உருவங்களைச் செதுக்கிய உளிக்குக் கூர் தந்தவனும் கொல்லனே. ஒரு தொழிலின் பயன் தீயவழியிற் சென்றது என்பதற்காக அதன் அறிவையும் இகழ்தல் தகாது. வழியை மாற்றலாம், அறிவை இழந்தால் மீட்பது அரிது.

எவ்வளவு அரிது என்பதை 20-ஆம் நூற்றாண்டின் ஆய்வுகள் காட்டின. வெர்கோவன் என்னும் அமெரிக்க உலோகவியற் பேராசிரியர், பெண்டிரே என்னும் கொல்லருடன் சேர்ந்து பல்லாண்டுகள் உழைத்து, பழைய வரியோடு கூடிய உருக்கை மீண்டும் ஆக்கினார். தாதுவில் இயல்பாக மிகச் சிறிதளவு கலந்திருந்த வனேடியம் போன்ற பொருள்கள் அவ்வரிகளுக்குத் துணைசெய்தன என்று அவர்கள் 1998-ஆம் ஆண்டில் விளக்கினர். பழைய வாளொன்றில் கண்ணுக்குப் புலனாகாத நுண்குழாய் வடிவக் கார்பன் இருப்பதாகச் செருமானிய ஆய்வாளர் 2006-ஆம் ஆண்டில் அறிவித்தனர். இவற்றை எல்லாம் அறிந்து செய்தாரல்லர் பழைய கொல்லர். ஆனால் அறிந்தவரும் செய்ய இயலாததை அவர் செய்தனர். பேராசிரியர் ஒருவருக்குத் துணையாகக் கொல்லர் ஒருவர் வேண்டியிருந்தார் என்பதை மறத்தலாகாது. நூலறிவும் கையறிவும் கூடியபோதே மறைந்தது வெளிப்பட்டது.

வாள் போனாலும் உலைக்களம் முற்றும் அணைந்துவிடவில்லை. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊராக இன்றும் விளங்குகிறது. அங்குள்ள பட்டறைகளில் மூசையிலிட்டு உருக்கும் வழக்கம் இல்லை. எனினும் காய்ச்சலின் நிறத்தைக் கண்டு பதம் அறிவதும், தோய்ச்சலின் நொடியைத் தவறவிடாது பிடிப்பதும் அங்கே இன்னும் கையிலிருந்து கைக்குச் செல்கின்றன. கதிர் அறுக்கவும் விறகு பிளக்கவும் தேங்காய் வெட்டவும் உரிய கருவிகளில், வாள் வடித்த கையின் எஞ்சிய நினைவு தங்கியிருக்கிறது.

ஊர்தோறும் இருந்த கொல்லுலைகள் இப்போது குறைந்து வருகின்றன. கடையில் மலிவான அரிவாள் கிடைக்கிறது. உழவும் பொறியால் நிகழ்கிறது. தந்தையின் குறட்டை ஏந்தும் மைந்தர் அரியராகின்றனர். அவர்கள் வேறு தொழில் நாடுவது குற்றமன்று; தீயின்முன் நின்று உழைத்தும் மதிப்புப் பெறாத தொழிலை யார்தாம் விரும்புவர்? மதிப்பு அளிப்பது சமுதாயத்தின் கடன். அக்கடனை ஆற்றாத சமுதாயம், தன் அறிவைத் தானே இழந்து, பின்னாளில் அயலாரின் ஆய்வுக்கூடங்களிலிருந்து அதனை விலைகொடுத்து வாங்க நேரும். உருக்கின் வரலாறு காட்டும் உண்மை அதுவே.

மாணாக்கர் அருங்காட்சியகத்தில் பழைய வாளொன்றைக் காணும்போது, அதனை ஏந்திய மன்னன் யார் என்று வினவுதல் இயல்பு. அதனோடு நில்லாது, அதனை வடித்தவர் எவ்வாறு வடித்தார் என்றும் வினவுதல் வேண்டும். தம் ஊரில் கொல்லுலை ஒன்று இருக்குமாயின், அங்கே சென்று, பெரியவரை வணங்கி, அவர் தீயின் நிறத்தை எவ்வாறு அறிகிறார், தோய்ச்சலுக்கு உரிய நேரத்தை எதனாற் குறிக்கிறார் என்று கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். பழைய கொல்லரின் கல்வி ஏட்டில் ஏறாமையால் பெரிதும் அழிந்தது. எழுத்தறிவு பெற்ற இளையோர் எஞ்சியிருப்பதையேனும் ஏட்டில் ஏற்றுவாராயின், அஃது அக்கைகளுக்குச் செய்யும் நன்றியாகும். அரசனின் வெற்றியைக் கல்வெட்டுக் காத்தது. கொல்லனின் அறிவைக் காப்பதற்குக் கல்வி கற்றவரின் எழுதுகோலே துணை.